மூட்டம்

ஏழாம் ராத்திரி.
வெள்ளைப் புகை ஓய்ந்து
நீலம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது.
இனிக் காற்று ஒன்றுதான் எதிரி.
வாலிநோக்கத்துக் கடல் தெற்கே கூப்பிடு தூரத்தில்.
நானும் பூமயிலும் முறைவைத்து முழிக்கிறோம்,
கைக்கெட்டும் இடத்தில்
ஒரு பானை கரைத்த களிமண்.

என் முறையில் நான் முயலைப் பார்ப்பேன்.
நிலாவில் இருக்கிறதே, அது இல்லை.
திருவாதிரைக்குத் தெற்கே
வேட்டைக்காரன் பாதத்தடியில் பதுங்கிக் கிடப்பது.
அதன் முகத்துக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி.
வெறுங்கண்ணுக்கு இருந்தும் இல்லாத மாதிரி.

பைனாகுலர் இந்தக் கரையில் உடைத்த கப்பலோடது.
கீழக்கரைப் பழைய இரும்புக்கடை செய்யது நயினார்
எண்ணூறு சொல்லி ஐந்நூறுக்குத் தந்தார்.
இடது கண்ணில் பூஞ்சை.
எத்தனை துறைமுகம் பார்த்ததோ,
இப்போது வலது கண்ணால்
ஒரே ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதுவும் ஒரு கரிமூட்டம்தான்.
அடிவயிற்றில் மூன்று ஹீலியம்
நெருக்கியடித்து ஒரு கரிமம் ஆகும்.
அவ்வப்போது வயிறு கலங்கி
கரி மேலே வரும்.
மற்றச் சிவப்புப் பூதங்களில் ஆக்சிஜன்தான் கூடுதல்.
இதில் கரி முந்திவிட்டது.
ஒன்றுக்கு ஒன்றாக ஜோடி சேர்ந்து
ஆக்சிஜன் எல்லாம் தீர்ந்த பிறகும்
கரி மிச்சம் நிற்கிறது, துணையில்லாமல்.

அந்த ஜோடியை எனக்குத் தெரியும்.
போன வருசம் சாயல்குடிப் பக்கம்
மூட்டத்தின் மேல் ஏறி
ஓட்டை அடைக்கக் குனிந்த செல்லமுனியனை
அதுதான் கூட்டிக்கொண்டு போனது.
நிறம் கிடையாது. வாசனை கிடையாது.
தூங்குகிறான் என்றே நினைத்தார்கள்.

மிச்சக் கரி புகையாகி மேலே போர்த்திக்கொள்ளும்.
நீலத்தை எல்லாம் அது தின்றுவிடும்.
எங்களுக்கு நீலம் வந்தால்
தூர்க்கட்டை வெந்துவிட்டது என்று அர்த்தம்.
அதற்கு நீலம் வருவதே இல்லை.

நானூற்று முப்பது நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய,
உப்பி வற்றும்.
பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டு
எவ்வளவு ஒளி என்று ஓர் எண் எழுத வேண்டும்.
எண் கூடினால் ஒளி குறைவு.
எங்கள் வியாபாரியின் தராசு மாதிரி,
மூட்டை கூடக் கூட எடை குறையும்.

இன்று மாசி பத்து.
கணக்குப்படி அடித்தட்டில் இருக்க வேண்டும்.
முயல் மேற்கே சாய்ந்துவிட்டது.
தேடினேன்.
பக்கத்து மீன்கள் இருந்தன,
நடுவில் அதன் இடம் இருந்தது.
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூமயில் கத்தினாள்.
மூட்டத்தின் வடக்குத் தோளில்
உள்ளங்கை அகலத்துக்கு வாய் திறந்திருந்தது.
உள்ளே சிவப்பு.
ஆறு மாதமாகத் தேய்ந்துகொண்டே போன அதே சிவப்பு,
இருபதடிக்குள்.
ஒரு மூச்சு அப்படியே நின்றேன், ஒத்துக்கொள்கிறேன்.
பிறகு களிமண். பானை பானையாய்க் களிமண்.
முழங்கை வரை வெந்தது.

விடிந்து பார்த்தால்
பன்னிரண்டு மூட்டைக் கரி சாம்பல்.
கூலியில் கழிப்பார்கள், இரண்டு பேர் கூலியிலும்.
பூமயில் என் கைக்கு எண்ணெய் தடவும்வரை
ஒன்றும் பேசவில்லை.
அப்புறம் கேட்டாள்:
"அப்படி என்னத்தத்தான் பாத்த?"
"ஒண்ணையும் பாக்கல."
நம்பவில்லை.

நட்சத்திரத் தூசுதான் நாமெல்லாம் என்று சொல்வார்களே,
அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.
என் நகக்கண்ணில் இருப்பது சீமைக்கருவேலம்.

நோட்டில் எழுதினேன்:
மாசி 10. ஒன்பதுக்கும் கீழே. தெரியவில்லை.
தெரியாததையும் எழுத வேண்டும்,
அப்போதுதான் அது எவ்வளவு தூரம் இறங்கியது என்று
கோடு போட முடியும்.
அதற்குக் கீழே:
12 மூட்டை.

பூமயில் பைனாகுலரை எடுத்தாள்.
வெயில் ஏறிய கடலைப் பார்த்து,
தவறாமல் அந்த இடது கண்ணில் வைத்து,
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆமா," என்றாள்,
"ஒரே மூட்டமாத்தான் இருக்கு."